பதினோராவது கேள்வி

என் தம்பி இப்போது எல்லாவற்றையும்
வியாழன் என்கிறான்.
தண்ணீர் வேண்டுமென்றால் வியாழன்.
தலை இடித்தால் இரண்டு தரம், வியாழன் வியாழன்.
மகளை மடியில் இருத்தி
அவள் வரைந்த ரக்கூனைத் தொட்டு
வியாழன் என்று சிரிக்கிறான்.
ஐந்து வயசுக்காரி திருத்துகிறாள்:
இல்லை அப்பா, ரக்கூன்.

ஸ்காபரோ, லோரன்ஸ் அவெனியூவில் ஒரு காஸ் ஸ்டேஷன்.
மாசி மாதம், விடியப்புறம் மூன்று பத்து.
இருநூற்றுப் பன்னிரண்டு டொலர்,
ஏழு பெட்டி சிகரெட்,
ஒரு சுத்தியல்.
காசை எடுத்துக் கொடுத்த பிறகுதான் சுத்தியல்.
வீடியோவில் பார்த்தேன்.
பார்க்காதே என்று சொன்ன பொலிஸ்காரி
தேத்தண்ணி வாங்கி வைத்திருந்தாள்.
அது ஆறிப்போயிற்று.

செய்தவனுக்குப் பத்தொன்பது வயது.
பெயரைச் சொல்லமாட்டேன்.
சொன்னால், அதை வைத்த ஒருத்தியையும்
நினைக்க வேண்டி வரும்.

என் வேலை இது:
எக்ளின்டனில், பல் வைத்தியரின் மாடியில் ஓர் அறை.
பதினெட்டு வருஷமாக அங்கே
தப்பி வந்தவர்களின் உடம்பை எழுத்தாக்குகிறேன்.
என்னிடம் இருபத்தாறு கேள்விகள்.
கண்ணைக் கட்டியிருந்ததா.
எத்தனை பேர்.
தரை ஈரமா.
பதினோராவதை எப்போதும் மெல்லக் கேட்பேன்:
அடிக்கும்போது யாராவது சிரித்தார்களா.
முறிந்த விலாவுக்கு அழாத ஆம்பிளைகள்
அதற்கு அழுவார்கள்.

குற்றம் செய்தவனுக்கும் நோகும் என்று
மண்டபம் மண்டபமாகப் பேசியிருக்கிறேன்.
கதிரை அடுக்கியவன், மைக் சரிபார்த்தவன்
தயாபரன். இதே தம்பி.
காரில் திரும்பும்போது கேட்பான்,
'கள்ளனுக்குமா அக்கா?'
'கள்ளனுக்கும்தான்.'
'சரி. பசிக்குது.'

வைகாசியில் மச்சாளின் சொந்தக்காரப் பெடியன்
ரோல்ஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான்.
சிறையில் காவல் வேலை.
சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னான்:
'கவலைப்படாதேங்கோ அக்கா,
குளிக்கிற இடத்தில வச்சுக் கவனிச்சிட்டம்.
இனிக் கொஞ்ச நாளைக்கு
இடக்கையாலதான் சாப்பிடுவார்.'

மச்சாள் சாமியறைக்குப் போய் விளக்கேற்றினாள்.
நான்
சிரித்தேன்.
இருமல் என்று சொல்லிப் பார்த்தேன் பிறகு.
இல்லை, சிரிப்புத்தான்.
மாசிக்குப் பிறகு முதல் தடவையாக
மூன்று இரவு நித்திரை கொண்டேன்.

நாலாம் நாள் வவுனியாக்காரர் ஒருவர் முன்னால் இருந்தார்.
பத்து வரை கேட்டேன்.
பதினொன்று வாய்க்குள் வரவில்லை.
பேனை மூடியைக் கழற்றினேன், பூட்டினேன்.
அவர் காத்திருந்தார்.
பிறகு என்னில் இரக்கப்பட்டவர் மாதிரி
அவரே சொன்னார்:
'சிரிச்சவை, பிள்ளை.'

அன்றிரவு முறைப்பாடு எழுதினேன்.
எந்த இடம், எத்தனை பேர், எந்தக் கை.
வழக்கமான ஒழுங்கில், வழக்கமான சொற்களில்.
சாட்சி என்ற இடத்தில் என் பெயர்.
அனுப்பிவிட்டுச் சத்தி எடுத்தேன்.

பெடியனுக்கு வேலை நின்றுபோயிற்று.
மச்சாள் கதவைத் திறந்து
ஒரே ஒரு வசனம் பேசினாள்:
'அவனுக்கே போய் அக்காவா இரு.'
பிழை என்று சொல்ல எனக்கு வாயில்லை.

மன்னிப்பு என்று யாரும் இதற்குப் பெயர் வைக்க வேண்டாம்.
அவனுக்கு எத்தனை வருஷம் கொடுத்தாலும்
காணாது என்பேன், இன்றைக்கும்.
அந்த வருஷங்களை அவன்
இரண்டு கையாலும் எண்ணட்டும்.
அவ்வளவுதான்.

மச்சாள் வேலைக்குப் போகிற நேரம் பார்த்து
ஞாயிறுகளில் தம்பியிடம் போகிறேன்.
நகம் வெட்டிவிடுவேன்.
போன கிழமை எல்லாவற்றையும் சொன்னேன்,
குளிக்கிற இடம், ரோல்ஸ், சிரிப்பு, கடிதம்.
வெட்டிக்கொண்டிருந்த விரலை இழுத்துக்கொண்டான்.
என் முகத்தை நெடுநேரம் பார்த்தான்.

'வியாழன்,' என்றான்.
ஒரு தரம்தான்.
திருத்துவதற்கு
மகள் வீட்டில் இல்லை.